கையால் சுற்றும் போஸ்ட் டிரில்: அடையாளம் கண்டு மீண்டும் ஓடவைப்பது எப்படி?

அமெரிக்காவில் பண்ணை ஏலங்களிலும் பழைய சாமான் சந்தைகளிலும் சில சமயம் ஒரு விநோதமான இரும்புச் சாமான் கண்ணில் படும். வார்ப்பிரும்பில் நீளமான ஒரு சட்டம், பக்கத்தில் பெரிய ஃபிளைவீல், உச்சியில் ஒரு பல்சக்கரம், கீழே சின்ன வட்ட மேசை. விற்பவரைக் கேட்டால் “பழைய டிரில்” என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் போஸ்ட் டிரில். மரத்தூணிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கி, கையால் சுற்றி இரும்பில் துளை போடும் இயந்திரம். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து கிராமங்களுக்கு மின்சாரம் வந்து சேரும்வரை அமெரிக்கக் கொல்லுப்பட்டறைகளும் பண்ணைக் கொட்டகைகளும் இதை வைத்துத்தான் காலம் தள்ளின.

இதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வரவேற்பறை மூலையில் நிறுத்தி வைக்க நினைப்பவர்களுக்கு இந்த அத்தியாயம் அதிகம் உதவாது. திரும்பத் துளை போட வைப்பதுதான் இங்கே நோக்கம். அதற்குப் பளபளப்பு தேவையில்லை. இருப்பதைக் கெடுக்காமல் கழற்றத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இயந்திரம் செய்யும் வேலை

கைப்பிடியைச் சுற்றினால் பெரிய பெவல் கியர் சுழலும். அது சின்னக் கியரைச் சுழற்றும். சின்னக் கியர் ஸ்பிண்டிலைச் சுழற்றும். ஸ்பிண்டிலின் நீளத்துக்கும் ஒரு சாவிப்பள்ளம் வெட்டியிருக்கும். கியரில் உள்ள சாவி அந்தப் பள்ளத்தில் வழுக்குவதால் ஸ்பிண்டில் சுழன்றுகொண்டே கீழேயும் இறங்க முடிகிறது.

இறக்குவது யார் என்பதில்தான் இந்த இயந்திரத்தின் கெட்டிக்காரத்தனம். கைப்பிடித் தண்டில் ஒரு கேம் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒரு கரத்தைத் தூக்கி இறக்கும். கரத்தின் நுனியில் உள்ள நாக்கு, உச்சிப் பல்சக்கரத்தை ஒன்றோ இரண்டோ பல் தள்ளும். அந்தச் சக்கரம் ஒரு மரைத் தண்டைத் திருக, மரைத் தண்டு ஸ்பிண்டிலை அழுத்தும். நீங்கள் சுற்றினால் போதும், டிரில் பிட் தானாக இறங்கும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும், சீர்செய்யும்போது அதிக நேரம் எடுப்பதும் இந்தப் பகுதிதான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. சட்டத்தில் விரிசல் இருக்கிறதா? போல்ட் துளைகளைச் சுற்றியும் பேரிங் வளையங்களிலும் உற்றுப் பாருங்கள். சந்தேகமான இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் கழித்து உலரத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகத் தெரியும்.
2. நாக்கு, அதன் கரம், கேமில் உருளும் சின்ன ரோலர் மூன்றும் இருக்கின்றனவா? பெரும்பாலும் தொலைந்து போவது இவைதான்.
3. கியர்ப் பற்களை ஒரு சுற்று முழுக்க எண்ணிப் பாருங்கள். ஒரு பல் போயிருந்தால் ஓடும்போது தட்டும், ஆனால் சரிசெய்யலாம். அடுத்தடுத்து மூன்று நான்கு போயிருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.
4. மேசையும் அதைத் தாங்கும் கரமும் இருக்க வேண்டும். மேசை இல்லாத இயந்திரங்கள் ஏராளம். மேசை முழுக்க வட்ட வட்டமாகத் துளை விழுந்திருந்தால் கவலை வேண்டாம், அது உழைத்த அடையாளம்.
5. சுற்ற வரவில்லையா? வெறும் துருவால் இறுகியிருந்தால் பயமில்லை. வெள்ளத்தில் கிடந்ததா, மழையில் கிடந்ததா என்று விசாரியுங்கள்.

சட்டம் உடைந்தது என்றால் விட்டுவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. கைப்பிடியில் மரம் இல்லை என்பதெல்லாம் ஒரு குறையே இல்லை.

எடுத்துவரும்போது கவனம் தேவை. பெரிய மாடல்கள் 50 கிலோவைத் தாண்டும். ஃபிளைவீலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வண்டியில் படுக்க வைத்துக் கட்டுங்கள். நிற்க வைத்தால் முதல் திருப்பத்திலேயே சாய்ந்து மேசைக் கரம் உடையும்.

துடைக்கும் முன் அடையாளம் காணுங்கள்

வீட்டுக்கு வந்ததும் கை பரபரக்கும். வயர் பிரஷை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். அழுக்குக்கு அடியில் பெயின்டில் எழுதிய பெயரோ வண்ணக் கோடுகளோ இருக்கலாம். அவை ஒருமுறை போனால் போனதுதான்.

1. எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு உறுப்பும் எந்தத் திசையில் பொருந்தியிருக்கிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். திரும்பப் பூட்டும்போது இதுவே உங்கள் கையேடு.
2. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத வார்ப்பு எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். புடைத்த எழுத்துகளின் மேல் சாக்பீஸைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் படிக்க எளிது.
3. கம்பெனிப் பெயரைத் தேடுங்கள். அதிகம் கிடைப்பவை சில: பென்சில்வேனியாவின் லங்காஸ்டரிலிருந்து சாம்பியன் புளோயர் அண்ட் ஃபோர்ஜ், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து பஃபலோ ஃபோர்ஜ், இல்லினாயின் சிகாகோ ஹைட்ஸிலிருந்து கனேடி-ஆட்டோ, ஒஹாயோவின் சேலத்திலிருந்து சில்வர் மேனுஃபேக்சரிங். (மாங்கனி சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது.) பெயர் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். இரும்புக்கடை மொத்த வியாபாரிகள் தங்கள் பெயரைப் போட்டு வார்க்கச் சொல்வதும் உண்டு. அப்போது பெயர் விற்றவருடையது, இயந்திரம் வேறொருவருடையது.
4. எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல உறுப்புகளில் ஒரு வார்ப்பு எண் இருக்கும். அது அந்த உறுப்பின் எண். தயாரித்த ஆண்டும் அல்ல, வரிசை எண்ணும் அல்ல. ‘இதில் 1887 என்று இருக்கிறது’ என்று பழைமைக்கு விலை ஏற்றுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.
5. காப்புரிமைக் குறிப்பைப் படியுங்கள். அமெரிக்காவில் 1927 வரை பொருளின்மேல் காப்புரிமைத் தேதியைப் பொறிப்பது வழக்கம். அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எண்ணைப் பொறிக்க வேண்டியதாயிற்று. ஆக, மாதம்-நாள்-ஆண்டு என்று தேதி இருந்தால் அந்த வடிவம் அநேகமாக 1927-க்கு முந்தையது. பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள். இயந்திரம் அதற்குப் பிறகு செய்யப்பட்டது. எவ்வளவு பிறகு என்பதைத் தேதி சொல்லாது. பழைய அச்சையே வைத்து ஆண்டுக்கணக்கில் வார்த்திருப்பார்கள்.
6. மரையை அளந்து நாட்டைக் கண்டுபிடியுங்கள். பெயரே இல்லாத இயந்திரத்துக்கு இதுதான் கைகொடுக்கும். அரை அங்குல போல்ட் ஒன்றை எடுத்து, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்று மரை கேஜால் பாருங்கள். அமெரிக்க மரை என்றால் 13. பிரிட்டனின் விட்வொர்த் மரை என்றால் 12. 3/8 அங்குல போல்ட்டிலும் 5/8 அங்குல போல்ட்டிலும் இரண்டு நாட்டுக்கும் ஒரே எண்ணிக்கைதான் என்பதால் அவற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. பழைய அமெரிக்க வேலைகளிலும் அரை அங்குலத்துக்கு 12 மரை வருவது உண்டு. அப்போது மரையின் கோணம் தீர்ப்புச் சொல்லும்: அமெரிக்கம் 60 டிகிரி, விட்வொர்த் 55 டிகிரி.
7. ஸ்பிண்டில் துளையை அளவெடுங்கள். அரை அங்குலம் இருந்தால் அதிர்ஷ்டம், இன்றைய பிட்டுகளே பொருந்தும். 41/64 அங்குலம் இருந்தால் அது பழைய கொல்லர் பிட்டுகளுக்கான அளவு. உள்ளே அரை அங்குலத் துளை போட்ட ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்து செருகிக்கொள்ளலாம். துளையைப் பெரிதாக்கி நவீன சக் மாட்டுவது வேண்டாம்.

கிடைத்த விவரங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய விற்பனைப் பட்டியல்களின் நகல்கள் பல நூலகங்களில் உண்டு. சட்டத்தின் வளைவு, கியர் எந்தப் பக்கம், ஃபிளைவீல் எங்கே என்ற மூன்றையும் படத்தோடு ஒப்பிட்டால் மாடல் பிடிபடும்.

கழற்றும் வரிசை

வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சுத்தியலைத் தள்ளி வையுங்கள்.

மூட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்தது பலருக்கும் பிடித்த மருந்து. அது எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில், அடுப்பும் வெல்டிங்கும் இல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

1. மேசையையும் அதன் கரத்தையும் முதலில் எடுங்கள். பாரம் குறையும்.
2. கைப்பிடியைக் கழற்றுங்கள்.
3. ஃபிளைவீலை எடுங்கள். செட் ஸ்க்ரூவைத் தளர்த்தியும் வரவில்லை என்றால் அதே துளைக்குள் இன்னொரு செட் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரக்கால்களுக்கு இடையே கடப்பாரை விட்டு நெம்பாதீர்கள். புல்லர் மாட்டி, மையக் குடத்தில் பிடித்து இழுங்கள்.
4. நாக்கு, கரம், ஸ்பிரிங் ஆகியவற்றைக் கழற்றி ஒரே டப்பாவில் போடுங்கள்.
5. மரைத் தண்டைத் திருகி வெளியே எடுங்கள். அதன் அடியில் பேரிங் குண்டுகளோ வாஷர்களோ இருக்கும். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு எடுங்கள்; குண்டு ஒன்று உருண்டு ஓடினால் பட்டறை முழுக்கத் தேட வேண்டும்.
6. ஸ்பிண்டிலைக் கீழ்ப்பக்கமாக உருவுங்கள். உருவும் முன் சாவிப்பள்ளத்தின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் மென்மையான அரத்தால் நீக்கிவிட்டுத்தான் உருவ வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிசிறு பேரிங்கை நீளத்துக்கும் கீறும்.
7. பெரிய கியரையும் அதன் தண்டையும் கடைசியாக எடுங்கள்.

கியர்களைத் தண்டோடு பிணைத்திருப்பது டேப்பர் பின் என்றால் ஒரு பக்கத்திலிருந்துதான் வெளியே வரும். இரண்டு முனையையும் வெர்னியரால் அளந்து, சிறிய முனையில் பஞ்ச் வைத்து ஒரே அடியில் அடியுங்கள். சின்னச் சின்னத் தட்டுகள் பின்னின் தலையைப் பரத்திவிடும். அடிக்கும்போது மறுபக்கம் துளையுள்ள ஒரு கட்டையால் தாங்கு கொடுங்கள். அமெரிக்கப் பின்னின் சரிவு 48-க்கு 1, மெட்ரிக் பின்னின் சரிவு 50-க்கு 1. கடையில் கிடைத்த மெட்ரிக் பின்னை அப்படியே அடித்து ஏற்றினால் ஒரு முனையில் மட்டும் பிடிக்கும். சில நாளில் கழன்று விழும்.

எண்ணெய்க்கும் அசையாத இடத்துக்கு வெப்பம் கொடுக்கலாம். வெளி உறுப்பைச் சுற்றிலும் சமமாக, மெதுவாகச் சூடாக்குங்கள். ஒரே புள்ளியில் தீச்சுடரை நிறுத்தினால் விரிசல் விடும்.

உயிருக்கு ஆபத்து: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த உறுப்பைச் சூடாக்கவோ வெல்டிங் செய்யவோ கூடாது. மிச்சம் இருக்கும் திரவம் வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெயால் துடையுங்கள்.

துருவும் பழைய பெயின்டும்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான். இந்த இயந்திரங்கள் அதற்கு வெகு காலம் முந்தியவை. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவது, கிரைண்டரில் வயர் சக்கரம் மாட்டித் தேய்ப்பது, ஹீட் கன் பிடிப்பது மூன்றும் கூடாது. தூசு காற்றில் பறந்து குழந்தைகள் விளையாடும் தரையில்தான் போய் உட்காரும். ஈரமாக வைத்துத் தேயுங்கள், சுவாசக் கவசம் போடுங்கள், அழுக்குத் துணிகளைத் தனியே கட்டுங்கள்.

பழைய பெயின்ட் பாதிக்கு மேல் இருந்தால் அதை உரிக்கவே உரிக்காதீர்கள் என்பது என் கட்சி. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை எடுத்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவித் துடைத்தாலே நிறம் எழுந்துவிடும். புதுப் பெயின்ட் என்றைக்கு வேண்டுமானாலும் அடிக்கலாம். பழைய வண்ணக் கோட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் மூழ்க வையுங்கள்.

கனமான துருவுக்கு மின்பகுப்புத் தொட்டி சிறந்த வழி:

1. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரையுங்கள். சாப்பாட்டு உப்பு போடாதீர்கள்.
2. ஓரத்தில் சாதாரணக் கட்டுமானக் கம்பியைத் தொங்கவிடுங்கள். எவர்சில்வர் கூடவே கூடாது. அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம்.
3. துருப்பிடித்த உறுப்பை நடுவில் தொங்கவிடுங்கள். அதுவும் கம்பியும் ஒன்றையொன்று தொடக் கூடாது.
4. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை உறுப்பிலும் பாசிட்டிவ் கிளிப்பைக் கம்பியிலும் மாட்டுங்கள். மாற்றி மாட்டினால் கம்பிக்குப் பதில் உங்கள் உறுப்பு கரையும்.
5. கிளிப் மாட்டிய பிறகு சார்ஜரைப் போடுங்கள். அணைத்த பிறகே தண்ணீரில் கை வையுங்கள். எழும் குமிழிகளில் ஹைட்ரஜன் இருக்கிறது. திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.
6. எடுத்ததும் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் விட்டாலே புதுத் துரு பூக்கும்.

ஸ்பிரிங்குகளைத் தொட்டியில் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். பித்தளை எண்ணெய்க் குப்பிகள் இருந்தால் அவற்றையும் தனியே எடுத்து, நம் வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியால் தேயுங்கள். வினிகரில் ஊறப்போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. நாள்கணக்கில் மறந்துவிட்டால் வார்ப்பிரும்பை அரித்து, மேலே கறுப்புக் கிராஃபைட் சேறாக நிற்கும்.

தேய்மானத்தைச் சரிசெய்தல்

*பேரிங்.* ஸ்பிண்டிலைத் திரும்பச் செருகி அடிமுனையைப் பிடித்து அசையுங்கள். கால் மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருந்தால் அப்படியே விடுங்கள். கனமான எண்ணெயே அதை நிரப்பிவிடும். அதற்கு மேல் இருந்தால் தேய்ந்தது துளையா தண்டா என்று அளந்து பாருங்கள். பலரும் நேராகச் சட்டத்தைக் குடைந்து வெண்கலப் புஷ் போடக் கிளம்பிவிடுகிறார்கள். தண்டு தேய்ந்திருந்தால் புதுத் தண்டு கடைவது எளிது, செலவும் குறைவு, சட்டமும் பிழைக்கும். புஷ்தான் போட வேண்டும் என்றால் மேல் துளையையும் கீழ்த் துளையையும் ஒரே பிடிமானத்தில் குடையச் சொல்லுங்கள். தனித்தனியாகக் குடைந்தால் இரண்டும் நேர்கோட்டில் வராது, ஸ்பிண்டில் இறுகும்.

*அழுத்தம் தாங்கும் பேரிங்.* மரைத் தண்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் இருப்பது இது. துளை போடும்போது விழும் அழுத்தம் முழுவதும் இங்கேதான் வரும். குண்டுகள் இருந்தால் ஒன்றிரண்டை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் புதிதாகப் போடுங்கள். மலிவான மாடல்களில் வெறும் வாஷர்கள் இருக்கும். ஒரு எஃகு வாஷர், ஒரு வெண்கல வாஷர் என்று மாற்றி மாற்றி அடுக்கினால் நன்றாக உழைக்கும்.

*நாக்கு.* நுனி மழுங்கியிருந்தால் பல்லில் நிற்காமல் வழுக்கும். அரத்தால் பழைய கோணத்துக்குக் கூராக்குங்கள். தொலைந்திருந்தால் மைல்ட் ஸ்டீல் பட்டையில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு இரும்பில் வெட்டுங்கள். ‘கடினப்படுத்த வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டாம். நாக்கும் பல்சக்கரமும் உரசும்போது தேய வேண்டியது நாக்குதான். நாக்கை இன்னொரு நாள் வெட்டிக்கொள்ளலாம், பல்சக்கரம் எங்கும் கிடைக்காது.

*உடைந்த பல்.* பல் இருந்த இடத்தைத் தட்டையாக அராவி, வரிசையாக இரண்டு மூன்று துளை போட்டு, டேப் அடித்து எஃகு ஸ்டட்களைத் திருகுங்கள். சுற்றிலும் வெண்கலக் கம்பியால் பிரேசிங் செய்து மேடாக்குங்கள். நல்ல பல் ஒன்றின் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு அரத்தால் உருவம் கொடுங்கள். பிரேசிங்குக்கு முன் கியர் முழுவதையும் சமமாகச் சூடாக்க வேண்டும். முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். காற்றில் ஆறினால் அருகில் உள்ள பல்லும் விரிசல் விடும். பிரேசிங் பழக்கம் இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் வெளியே கொடுப்பது நல்லது.

பூட்டுதலும் மாட்டுதலும்

கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் பூட்டும் வரிசை. எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றையும் கம்பி விட்டுக் குத்துங்கள். பெரும்பாலும் பெயின்டும் காய்ந்த கிரீஸும் குளவி மண்ணும் அடைத்திருக்கும். அவற்றில் விட வேண்டியது 30-ஆம் எண் இன்ஜின் ஆயில். கிரீஸ் அடைத்தால் உள்ளே போகாது, அடைப்பாக நிற்கும். கியர்ப் பற்களுக்கு மட்டும் கிரீஸ் லேசாகத் தடவலாம்.

மாட்டும்போது:

1. சட்டத்தைவிட நீளமான, 2 அங்குலக் கனமுள்ள உறுதியான மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்.
2. அமெரிக்க வீட்டுச் சுவர் என்றால் உள்ளே இருக்கும் மரச்சட்டங்களைக் கண்டுபிடித்து அவற்றில் பலகையை இறுக்குங்கள். வெறும் டிரைவால் இந்த எடையைத் தாங்காது. செங்கல், கான்கிரீட் சுவருக்கு ஆங்கர் போல்ட்.
3. கைப்பிடித் தண்டு உங்கள் நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே வரட்டும். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, முட்டி சுவரிலோ அலமாரியிலோ இடிக்கிறதா என்று கவனியுங்கள்.
4. இயந்திரத்தின் முதுகு பலகையில் எல்லா இடத்திலும் படிய வேண்டும். இடைவெளி இருந்தால் தகர வாஷர் வைத்து நிரப்பிவிட்டு இறுக்குங்கள். இடைவெளியோடு போல்ட்டைத் திருகினால் உங்கள் கையாலேயே சட்டம் உடையும்.
5. தூக்குக்குண்டு விட்டு ஸ்பிண்டில் செங்குத்தா என்று பாருங்கள். பிறகு ஸ்பிண்டிலில் ஒரு வளைத்த கம்பியை மாட்டிச் சுற்றி, அதன் நுனி மேசையைச் சுற்றிலும் ஒரே உயரத்தில் தொடுகிறதா என்று சோதியுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஃபிளைவீல் ஆரக்கால் வழியாக ஒரு சங்கிலி விட்டுப் பூட்டி வையுங்கள். சும்மா தொங்கும் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத பிள்ளை கிடையாது. திறந்து கிடக்கும் கியர்களுக்கு நடுவே விரல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் துளை

பிட்டுகளைத் தேடி அலைய வேண்டாம். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட வாய் அளவும், அரை அங்குலத் தண்டும் கொண்ட பிட்டுகள் இன்றும் ‘சில்வர் அண்ட் டெமிங்’ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கின்றன. போஸ்ட் டிரில் செய்த அதே ஒஹாயோ சேலத்து நிறுவனத்தின் பழைய பெயர்தான் அது. செட் ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் தண்டில் ஒரு தட்டையான முகம் அராவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிட் வழுக்கிச் சுழலும்.

1. கை உறையைக் கழற்றுங்கள். முழுக்கைச் சட்டையை மடித்துவிடுங்கள். துப்பட்டா, முந்தானை, தளர்ந்த கூந்தல் எதுவும் சுழலும் தண்டின் பக்கம் வரக் கூடாது. கண்ணாடி போடுங்கள்.
2. 10 மி.மீ. மைல்ட் ஸ்டீல் பட்டையில் சென்டர் பஞ்சால் ஆழமாக ஒரு குழி போடுங்கள்.
3. பட்டையை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் பிடிக்கவே கூடாது. வேகம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் பிட் மாட்டிக்கொண்டால் ஃபிளைவீலின் மொத்த வேகமும் பட்டை வழியாக உங்கள் விரலில் இறங்கும்.
4. நாக்கைத் தூக்கிவிட்டு, உச்சிச் சக்கரத்தைக் கையால் திருகி, பிட்டின் நுனி குழியில் உட்காரும்வரை இறக்குங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.
5. ஒரு சுற்றுக்கு ஒரு பல் நகரும்படி அமைத்து நாக்கைப் போடுங்கள். சீராகச் சுற்றுங்கள்.
6. வரும் சீவலைப் பாருங்கள். சுருண்டு நீளமாக வந்தால் எல்லாம் சரி. பொடியாக உதிர்ந்தால் இறக்கம் போதவில்லை. இரண்டு பல்லுக்கு மாற்றுங்கள். அப்போதும் உதிர்ந்தால் பிட் மழுங்கியிருக்கிறது. கைப்பிடி திணறினால் ஒரு பல்லுக்குத் திரும்புங்கள். பெரிய பிட்டுக்கு எப்போதும் ஒரு பல்தான். கைப்பிடியின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளவும் வழி இருக்கும்.
7. மறுபக்கம் பிட் எட்டிப்பார்க்கும் தருணத்துக்கு முன்பே நாக்கைத் தூக்கிவிடுங்கள். எல்லாரும் தவறவிடும் படி இதுதான். தானாக இறங்கும் ஏற்பாட்டுக்குத் துளை முடியப்போகிறது என்று தெரியாது. அது தள்ளிக்கொண்டே இருக்கும், பிட் ஓரத்தில் கவ்வி உடையும் அல்லது நாக்கை முறிக்கும். கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரை இடது கையால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி முடியுங்கள்.
8. கைப்பிடியை விட்டதும் இயந்திரம் நிற்காது. ஃபிளைவீல் ஓய்ந்த பிறகே சீவலைத் தொடுங்கள், அதையும் பிரஷால் தள்ளுங்கள்.

இருபது முப்பது துளை போட்ட பிறகு எல்லா செட் ஸ்க்ரூக்களையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பொருந்திய இடங்கள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதன் பிறகு, வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு எண்ணெய்த் துளைக்கும் ஒரு சொட்டு விடுவது தவிர இந்த இயந்திரம் உங்களிடம் வேறு எதுவும் கேட்காது.